பெயரும் கொடியும் உரிமையும்

பிறந்த குழந்தைக்குப் பெயரிடப் பெற்றோர் போதும். பிறந்த நாட்டிற்கோ அண்டை வீட்டாரின் இசைவும் வேண்டும் போலும். பால்கன் தீபகற்பத்து மாசிடோனியாவின் வரலாறு நமக்கு இதனைக் காட்டுகிறது.

யூகோஸ்லாவியா சிதைந்த காலத்தில், 1991 செப்டம்பரில், பொதுவாக்கெடுப்பின் வழியே மாசிடோனியா தனிநாடாயிற்று. தெற்கே இருந்த கிரேக்க நாடு உடனே மறுப்புரைத்தது. மாசிடோனியா என்பது தன் வடபகுதியின் பெயர். அலெக்சாந்தரின் மரபு தனக்கே உரியது. இன்று அப்பெயரைச் சூடுவோர் நாளை நிலத்தையும் கேட்பர் என்பது அதன் அச்சம். 1992இல் புதிய நாடு ஏற்ற கொடியில் பதினாறு கதிர்ச் சூரியன் ஒளிர்ந்தது. அவ்வுருவமோ 1977இல் கிரேக்கத்து வெர்கினாவில் அகழ்ந்த அரச கல்லறையின் பொற்பேழையில் காணப்பட்டது. பூசல் முற்றியது. 1993 ஏப்ரலில் 'முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு' என்ற தற்காலிகப் பெயராலேயே ஐக்கிய நாடுகள் அவை அந்நாட்டைச் சேர்த்துக்கொண்டது. அதன் கொடியை ஏற்றவில்லை. 1994 பிப்ரவரியில் கிரேக்கம் வணிகத் தடை விதித்தது. கடற்கரையற்ற அந்நாட்டிற்குத் தெசலோனிக்கித் துறைமுகமே தலைவாயில், அவ்வாயில் அடைபட்டது. 1995இல் கொடி மாறிற்று, தடை நீங்கிற்று. பெயர் வழக்கு மட்டும் எஞ்சி நின்றது.

வெளியே பெயருக்காக வாதாடிய நாட்டின் உள்ளே வேறொரு குரல் எழுந்தது. மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் அல்பேனியர். 1991ஆம் ஆண்டு அரசியலமைப்பின் முகவுரையோ நாட்டை மாசிடோனிய இனத்தாரின் தேசிய அரசு என்று கூறியது. தெத்தோவோ நகரில் அல்பேனியர் 1994இல் தம் மொழியில் நிறுவிய பல்கலைக்கழகத்தை அரசு ஏற்க மறுத்தது. 2001இல் ஆயுதக் கிளர்ச்சி மூண்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 13இல் கையெழுத்தான ஓஹ்ரித் உடன்பாடு, மக்களுள் நூற்றுக்கு இருபதின்மருக்குக் குறையாதோர் பேசும் மொழியும் ஆட்சிமொழியாக வழி செய்தது. 2004இல் அப்பல்கலைக்கழகமும் அரசின் ஏற்பைப் பெற்றது.

2018 ஜூன் 17 அன்று பிரெஸ்பா ஏரிக்கரையில் பெயர் வழக்கும் முடிவுற்றது. 'வட மாசிடோனியா' எனும் பெயர் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மொழியின் பெயர் மாசிடோனியம் என்றே நிலைத்தது. பண்டைக் கிரேக்க மரபு தமதன்று என்பதை அந்நாட்டார் ஒப்பினர். இரு நாடுகளிலும் இவ்வுடன்பாட்டை எதிர்த்தோர் பலர்.

'வட' என்னும் ஒரு சொல்லைச் சேர்க்க இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. ஆயினும் குருதி சிந்தியது அப்பெயருக்காக அன்று. வீட்டிற்குள் மறுக்கப்பட்ட உரிமைக்காகவே. தன் பெயரைத் தானே சொல்லும் உரிமை வேண்டிய நாடு, தன்னகத்தே வாழ்வோர் தம் மொழியில் கற்கும் உரிமையைக் காலந்தாழ்ந்தே உணர்ந்தது. பிறமொழி வழங்கும் நகரில், நம் மக்கள் தமிழ் கற்க இடந்தேடும் நாம் இதன் அருமையை நன்கு அறிவோம். பெயர் காக்கும் பெருமை பெரிது. உடன் வாழ்வாரின் மொழி காக்கும் பெருமை அதனினும் பெரிதன்றோ?