தொலைந்த போலி இரைகளைக் கண்டெடுத்தல்

தொலைந்த போலி இரைகளைக் கண்டெடுத்தல் என்பது, தூண்டில் மீன்பிடிப்போர் ஏரி, ஆறு, நீர்த்தேக்கம் முதலியவற்றில் இழந்துவிட்ட செயற்கை இரைகளைப் பிறர் தேடி எடுப்பதைக் குறிக்கும். மண்புழு, சிறுமீன் போன்ற உயிர் இரைக்கு மாற்றாக மரம், நெகிழி, உலோகம் ஆகியவற்றால் செய்யப்பட்டு, கொக்கி பொருத்தப்பட்ட உருவமே போலி இரை ஆகும். ஆங்கிலப் பெயரைத் தழுவி இது லூர் எனவும் அழைக்கப்படுகின்றது. தூண்டில் மீன்பிடிப்பு பெரும் பொழுதுபோக்காக விளங்கும் ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஐக்கிய இராச்சியம் போன்ற நாடுகளில் இப்பழக்கம் பரவலாகக் காணப்படுகின்றது. சிலர் இதைப் பணம் மிச்சப்படுத்தும் வழியாகவும், சிலர் நீர்நிலையைத் தூய்மைப்படுத்தும் பணியாகவும் கருதுகின்றனர்.

இரைகள் தொலைவதற்கான காரணங்கள்

மீன்கள் திறந்த வெளியை விட மறைவிடங்களையே விரும்புகின்றன. மூழ்கிய மரங்கள், பாறை இடுக்குகள், பாலத்தூண்கள், நீர்த்தாவரத் திட்டுகள் ஆகியவை அவற்றின் இருப்பிடங்கள். எனவே மீன்பிடிப்பவர் தமது இரையை அவ்விடங்களுக்கு மிக அருகில் செலுத்த வேண்டியுள்ளது. பல போலி இரைகளில் மும்முனைக் கொக்கிகள் இரண்டு இருப்பதால், அதாவது ஆறு முனைகள் இருப்பதால், அவை மரத்திலோ கல்லிலோ எளிதில் சிக்கிக்கொள்கின்றன. இழுக்கும்போது தூண்டில் நரம்பு பெரும்பாலும் முடிச்சு உள்ள இடத்தில் அறுந்துவிடுகின்றது. கரையோர மரக்கிளைகளில் மாட்டிக்கொள்வதும், வீசும் வேகத்தில் நரம்பு அறுந்து இரை மட்டும் பறந்துபோவதும், பெரிய மீன் நரம்பை அறுத்துக்கொண்டு செல்வதும் ஏனைய காரணங்கள் ஆகும்.

ஒரு இரையை விழுங்கிய மரக்கட்டை அங்கேயே கிடப்பதால், அடுத்து வருபவரின் இரையும் அதிலேயே சிக்குகின்றது. முன்பு அறுந்த நரம்பும் கூடச் சேர்ந்து சிக்கலைப் பெரிதாக்குகின்றது. இதனால் தொலைந்த இரைகள் நீர்நிலை முழுவதும் சீராகப் பரவிக் கிடப்பதில்லை; சில இடங்களில் குவிந்தே கிடக்கின்றன. தேடுபவர்களுக்கு இதுவே முதன்மையான வழிகாட்டி.

தேடும் இடமும் காலமும்

நீர்மட்டம் தாழும் காலமே தேடுவதற்கு ஏற்றது. ஐக்கிய அமெரிக்காவில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் நீர்த்தேக்கங்கள் பலவற்றில், வெள்ளநீரைத் தேக்கி வைக்க இடம் வேண்டி, இலையுதிர் காலத்தில் நீர்மட்டம் குறைக்கப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, கென்டக்கி ஏரியின் கோடைகால மட்டம் கடல் மட்டத்திலிருந்து 359 அடி. குளிர்கால மட்டம் 354 அடி. ஐந்து அடி சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் சாய்வு குறைந்த கரைகளில் இதனால் அகன்ற சேற்றுத் திடல்களும் மரத்தூர்களும் வெளிப்படுகின்றன. கோடையில் சிக்கிய இரைகள் அத்தூர்களில் தொங்குவதை அப்போது காணலாம். அடுத்த பருவத்தில் மீன் எங்கே ஒதுங்கும் என்பதையும் இந்நடை கற்றுத்தருவதால், அனுபவம் மிக்க மீன்பிடிப்பாளர்கள் தூர்கள் உள்ள இடங்களைக் குறித்துக்கொள்கின்றனர். வறட்சியும் இதே பயனைத் தரும்.

மிதக்கும் வகை இரைகளுக்கு வேறு கணக்கு உண்டு. வீசும்போது அறுந்தவையும், மீன் வாயிலிருந்து உதறப்பட்டவையும் நீர்மேல் மிதந்து, காற்று வீசும் திசையில் உள்ள கரையை அடைகின்றன. பலத்த காற்றுக்குப் பின் அக்கரையில் ஒதுங்கிய சருகு, குச்சி, நாணல் குப்பைகளுக்கு இடையே அவற்றைத் தேடலாம். அணைகளின் கற்சரிவுகள், மக்கள் வழக்கமாக நின்று வீசும் இடத்துக்கு எதிர்க்கரையில் சாய்ந்துள்ள மரங்கள், இலையுதிர்ந்த பின் வெறுமையாகத் தெரியும் கிளைகள் ஆகியனவும் பலன் தரும் இடங்களே.

எடுக்கும் முறைகள்

கண்ணுக்குத் தெரிவதைக் கையால் எடுப்பதே பெரும்பாலான முறை. நீருக்கடியில் சிக்கியவற்றுக்கு இரை மீட்பி என்னும் கருவி பயன்படுகின்றது. இது சங்கிலித் துண்டுகள் தொங்கும் கனமான எடை ஆகும். இதனைத் தனிக் கயிற்றில் கட்டி, நரம்பின் வழியே கீழே வழுக்கி விடுவர். எடை மோதுவதால் இரை விடுபடலாம். இல்லையெனில் கொக்கிகள் சங்கிலியில் மாட்டிக்கொள்ள, கயிற்றை இழுத்து மேலே கொண்டுவரலாம். தம் இரையை மீட்கவே இது உருவானது எனினும், பிறர் விட்டுச்சென்ற நரம்பின் முனை கிடைத்தால் அதற்கும் உதவும். கொக்கிகள் பெரும்பாலும் எஃகினால் ஆனவை என்பதால் வலிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தேடுவோரும், முக்குளித்து எடுப்போரும் உளர்.

சேற்று நீரில் வெறுங்கையால் துழாவுதல் ஆபத்தானது. துருப்பிடித்த கொக்கியின் எதிர்முள் தோலுக்குள் சென்றால் எளிதில் வெளிவராது. சிக்கிய நரம்பை முகத்துக்கு நேராக இழுப்பதும் கூடாது, விடுபட்ட இரை கல்லெறி போலத் திரும்பி வரும். மின்கம்பியில் தொங்கும் இரையை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது. தூண்டில் கோல்கள் செய்யப் பயன்படும் கரிமநார் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது.

உரிமை

கண்டெடுத்த இரை யாருக்கு உரியது என்பது இடத்துக்கு இடம் மாறுபடுகின்றது. இங்கிலாந்தின் 1968 ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின்படி, நியாயமான முயற்சியால் உரியவரைக் கண்டறிய இயலாது என்று உண்மையாக நம்பி ஒரு பொருளை எடுத்துக்கொள்வது நேர்மையின்மையாகக் கொள்ளப்படாது. எனினும் நிலத்துக்கு உரியவரின் உரிமை தனியானது. 2002 இல் அந்நாட்டில் கோல்ஃப் திடல் ஒன்றின் குளத்திலிருந்து, ஆட்டக்காரர்கள் தொலைத்த பந்துகளை முக்குளித்து எடுத்த ஒருவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் மேல்முறையீட்டில் அத்தண்டனை நீக்கப்பட்டது. தனியார் குளங்களில் இரை தேடுவோரும் முன் அனுமதி பெறுவதே பாதுகாப்பு. இங்கிலாந்திலும் வேல்சிலும் பல கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அன்ட் ரிவர் டிரஸ்ட் தனது நீர்வழிகளில் காந்தம் கொண்டு தேடுவதைத் தடை செய்துள்ளது. பெயரோ தொலைபேசி எண்ணோ எழுதப்பட்ட இரையை உரியவரிடம் சேர்ப்பது மீன்பிடிப்போரிடையே மரியாதையாகக் கருதப்படுகின்றது.

உயிரினங்கள் மீதான தாக்கம்

கண்டெடுத்தலின் உண்மையான முக்கியத்துவம் இரையின் விலையில் இல்லை எனலாம். தொலைந்த இரையுடன் சில மீட்டர் நைலான் நரம்பும் நீரில் தங்கிவிடுகின்றது. இந்நரம்பு சிதைய பல நூறு ஆண்டுகள் ஆகும் என மதிப்பிடப்படுகின்றது. அதில் கால் அல்லது அலகு சிக்கிய பறவை இரை தேட முடியாமல் இறக்கின்றது.

ஈயம் இதனினும் கொடியது. லூன் எனப்படும் நீர்ப்பறவைகள் உணவை அரைப்பதற்காகச் சிறு கூழாங்கற்களை விழுங்குகின்றன. ஏரியடியில் கிடக்கும் ஈயக்குண்டுகளையும் அவ்வாறே விழுங்கிவிடுகின்றன. ஈயத்தலை கொண்ட கொக்கியுடன் தப்பிய மீனை உண்பதாலும் ஈயம் அவற்றின் உடலில் சேர்கின்றது. ஒரேயொரு குண்டு போதும், பறவை சில வாரங்களில் இறந்துவிடும். ஐக்கிய அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் வளர்ந்த லூன்களின் இறப்புக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக ஈயத் தூண்டில் பொருட்கள் கண்டறியப்பட்டன. நியூ ஹாம்சயர் மாநிலம் 2000 ஆம் ஆண்டு முதல் இவற்றுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஒரு அவுன்சு அல்லது அதற்குக் குறைந்த எடையுள்ள ஈயக்குண்டுகளையும் ஈயத்தலைக் கொக்கிகளையும் விற்பதற்கும் பயன்படுத்துவதற்குமான தடை 2016 இல் நடைமுறைக்கு வந்தது. அன்னப்பறவைகள் இறந்ததை அடுத்து ஐக்கிய இராச்சியம் 1987 இலேயே சிறிய ஈயக்குண்டுகளைத் தடை செய்தது. ஆனால் எந்தச் சட்டமும் ஏற்கனவே ஏரியடியில் கிடப்பதை அகற்றுவதில்லை. யாரேனும் ஒருவர் குனிந்து எடுத்தால்தான் அது வெளியேறும்.

பழைய இரைகள்

ஒரு மரபுக்கதையின்படி, ஜூலியோ புயல் என்பவர் வெர்மான்ட் மாநில ஏரி ஒன்றில் உணவுக் கரண்டியைத் தவறவிட்டபோது, மின்னியபடி மூழ்கிய அதனை மீன் ஒன்று கவ்வியதைக் கண்டார். அவர் கரண்டி வடிவ இரைக்கு 1852 இல் காப்புரிமை பெற்றார். கதை உண்மையாயின், தொலைந்த பொருளே கரண்டி இரைக்கு வித்திட்டது எனலாம். மிச்சிகனைச் சேர்ந்த தேனீ வளர்ப்பாளர் ஜேம்ஸ் ஹெடன் செதுக்கிய மரத்தவளைகளும், பின்லாந்தின் லௌரி ரப்பாலா 1936 இல் செய்த மிதவை இரையும் இத்துறையில் புகழ்பெற்றவை.

ஐக்கிய அமெரிக்காவில் பழைய இரை சேகரிப்போருக்கான தேசியச் சங்கம் 1976 இல் தொடங்கப்பட்டது. 1859 இல் காப்புரிமை பெற்ற ஹாஸ்கெல் சிறுமீன் வகையின் பெரிய இரை ஒன்று 2003 இல் ஒரு இலட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. இச்செய்திகளை நம்பி ஏரிக்கரைக்குச் செல்பவர் ஏமாறுவர். சேகரிப்போர் சிதையாத வண்ணப்பூச்சையும் மூலப் பெட்டியையுமே மதிக்கின்றனர். நீரில் ஊறிய மரம் வெடித்து, பூச்சு உரிந்துவிடும். ஆயினும் மர உடலும் கண்ணாடிக் கண்களும் கொண்ட இரை கிடைத்தால், தேய்த்துக் கழுவாமல் நிழலில் உலரவிட்டு, அறிந்தவரிடம் காட்டுவது நன்று.

மீளப் பயன்படுத்துதல்

நெகிழி இரைகள் பெரும்பாலும் கெடாமல் கிடைக்கின்றன. கொக்கிகளையும் அவற்றை இணைக்கும் வளையங்களையும் மாற்றினால் போதும். மென்நெகிழிப் புழுக்களை ஏனைய இரைகளுடன் ஒரே பெட்டியில் வைத்தால், அவற்றிலுள்ள மென்மையூட்டி கசிந்து பெட்டியையும் பூச்சையும் உருக்கிவிடும். வேறொரு நீர்நிலைக்குக் கொண்டு செல்லும் முன், வரிக்குதிரைச் சிப்பி போன்ற அயல் உயிரினங்கள் பரவாதிருக்க, கண்டெடுத்த இரையைச் சுத்தம் செய்து முற்றிலும் உலர்த்த வேண்டும்.