குடியேற்றக் கொள்கையும் லத்தீனோ வாக்குகளும் (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

மெக்சிகோ, கியூபா, போர்ட்டோ ரிக்கோ முதலிய லத்தீன் அமெரிக்க நிலங்களைப் பூர்விகமாகக் கொண்ட வாக்காளர்கள் அமெரிக்காவில் லத்தீனோக்கள் எனப்படுகின்றனர். குடியேற்றம் பற்றிக் குடியரசுக் கட்சி எடுத்த நிலைப்பாடுகள் இவர்களிடையே அக்கட்சிக்கு இருந்த ஆதரவை எப்படிக் கூட்டின, எப்படிக் குறைத்தன என்பது 1990-கள் முதல் அந்நாட்டு அரசியலில் ஓயாத விவாதம். குடியரசுத் தலைவர் தேர்தல்களில் வாக்களித்துவிட்டு வெளியே வருவோரிடம் எடுக்கப்பட்ட கணிப்புகளின்படி, லத்தீனோ வாக்குகளில் அக்கட்சி பெற்ற பங்கு 1996-இல் சுமார் 21 விழுக்காடு, 2004-இல் 40 முதல் 44, 2012-இல் 27, 2024-இல் 46. கொள்கை கடுமையானால் ஆதரவு சரியும், தளர்ந்தால் ஏறும் என்ற எளிய கணக்குக்குள் இந்த எண்கள் அடங்குவதில்லை.

முன்வரலாறு

குடியேற்றச் சட்டம் எல்லா லத்தீனோக்களையும் ஒரே விதமாகத் தொடுவதில்லை. போர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். பிடல் காஸ்ட்ரோவின் ஆட்சியிலிருந்து வெளியேறி வந்த கியூபர்களுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தர வசிப்புரிமையை எளிதாக்கித் தந்தது. பொதுவுடைமை எதிர்ப்பால் அவர்களில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சியை நாடினர். எல்லைச் சட்டங்களின் சுமை பெரிதும் மெக்சிகோ வழியினர் மீதே விழுந்தது. அவர்களிடையேயும் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. 1942 முதல் 1964 வரை நடந்த ‘பிராசெரோ’ ஒப்பந்தத் தொழிலாளர் திட்டம் உள்ளூர்க் கூலியைக் குறைக்கிறது என்று மெக்சிகோ வழிக் குடிமக்களே எதிர்த்தனர். வேலைநிறுத்தத்தை முறியடிக்க முதலாளிகள் கொண்டுவந்த ஆவணமற்ற தொழிலாளர்களைப் பற்றி, சேசர் சாவேஸின் பண்ணைத் தொழிலாளர் சங்கமே 1970-களில் அதிகாரிகளிடம் புகார் செய்தது.

1986: ரீகனின் சட்டம்

குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ரொனால்ட் ரீகன் 1986 நவம்பர் 6 அன்று கையெழுத்திட்ட சட்டம், 1982-க்கு முன்பிருந்தே ஆவணமின்றி வசித்தோருக்கும் பண்ணைத் தொழிலாளர் பலருக்கும் சட்டப்படியான வசிப்புரிமை வழங்கியது. சுமார் 27 லட்சம் பேர் பயனடைந்தனர். ஆயினும் ரீகன் 1984-இல் பெற்றிருந்த 37 விழுக்காடு, 1988-இல் ஜார்ஜ் புஷ் போட்டியிட்டபோது 30 ஆகக் குறைந்தது. பயனடைந்தோர் அப்போது குடிமக்கள் அல்லர். அவர்களால் வாக்களிக்க இயலாது. குடியுரிமை கேட்கும் தகுதி அவர்களில் பலருக்கு 1990-களின் நடுவில்தான் வந்தது. அதற்குள் கலிபோர்னியாவில் காற்று திசை மாறியிருந்தது.

முன்மொழிவு 187

பனிப்போர் முடிந்ததும் கலிபோர்னியாவின் விமான, படைக்கலத் தொழிற்சாலைகள் ஆட்குறைப்பில் இறங்கின, வேலையின்மை பெருகியது. 1994-இல் மறுதேர்தலைச் சந்தித்த குடியரசுக் கட்சி ஆளுநர் பீட் வில்சன் கருத்துக்கணிப்புகளில் பின்தங்கியிருந்தார். (அமெரிக்காவில் மாநில ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஆட்சித் தலைவர்.) அத்தேர்தலோடு பொதுவாக்கெடுப்புக்கு வந்த முன்மொழிவு 187, ஆவணமின்றிக் குடியேறியோருக்கு அரசுப் பள்ளிக் கல்வி, அவசரமல்லாத மருத்துவம், நலத்திட்டங்கள் ஆகியவற்றை மறுத்தது. ஐயத்துக்குரியவர்களைப் பற்றி ஆசிரியர்களும் மருத்துவப் பணியாளர்களும் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. வில்சன் இதைத் தம் பிரசாரத்தின் மையமாக்கினார். எல்லைச் சாவடியைத் தாண்டி மக்கள் சாலையில் ஓடும் மங்கலான கறுப்பு வெள்ளைக் காட்சியுடன் வந்த அவரது தொலைக்காட்சி விளம்பரம் இன்றும் மேற்கோளாகக் காட்டப்படுகிறது.

அக்டோபர் 16 அன்று லாஸ் ஏஞ்சலஸில் சுமார் 70,000 பேர் எதிர்ப்புப் பேரணி நடத்தினர். பள்ளி மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து வெளியேறினர். நவம்பர் 8 அன்று முன்மொழிவு ஏறத்தாழ 59 விழுக்காடு வாக்குகளுடன் நிறைவேறியது, வில்சனும் வென்றார். லத்தீனோ வாக்காளர்களில் நான்கில் மூவர் அளவுக்கு எதிர்த்து வாக்களித்திருந்தனர். ஆவணமற்ற குழந்தைகளுக்கும் பள்ளிக் கல்வி மறுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே கூறியிருந்தது. கூட்டரசு நீதிபதி மரியானா ஃபெல்சர் முன்மொழிவுக்குத் தடை விதித்து, பின்னர் அதன் முக்கிய விதிகள் செல்லாது எனத் தீர்ப்பளித்தார். 1999-இல் புதிய ஆளுநர் கிரே டேவிஸ் அத்தீர்ப்புக்கு எதிரான மாநில அரசின் மேல்முறையீட்டை முடித்துவைத்தார்.

சட்டம் நடைமுறைக்கு வராவிட்டாலும் அதன் அச்சம் வந்துவிட்டது. பள்ளியிலும் மருத்துவமனையிலும் ஐயம் எழ வேண்டுமென்றால் முகத்தையும் பேச்சையும் பெயரையும் பார்த்துத்தானே எழும் என்று குடிமக்களாக இருந்தவர்களும் கருதினர். 1996-ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியுரிமை பெற்றனர். 1986 சட்டத்தின் பயனாளிகள் பலர் அவர்களுள் அடங்குவர். அதே ஆண்டு, குடியரசுக் கட்சியின் கோட்டையான ஆரஞ்சு மாவட்டத்தில் நடந்த கீழவைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் லொரெட்டா சான்செஸ் குடியரசுக் கட்சி உறுப்பினர் பாப் டோர்னனை 984 வாக்குகளில் தோற்கடித்தார். 1998-இல் குரூஸ் புஸ்டமான்டே துணை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 187-க்கு எதிரான கோபமே தம்மை அரசியலுக்கு இழுத்தது என்று கூறிய அலெக்ஸ் படிய்யா 2021-இல் செனட் உறுப்பினரானார். 2006-க்குப் பின் கலிபோர்னியாவில் மாநிலம் தழுவிய எந்தப் பதவியையும் குடியரசுக் கட்சி வெல்லவில்லை.

டெக்சஸ் வழி

அதே 1994-இல் டெக்சஸ் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் 1988 வேட்பாளர் புஷ்ஷின் மகனுமான ஜார்ஜ் டபிள்யூ. புஷ், 187 போன்ற சட்டம் தம் மாநிலத்துக்கு வேண்டாம் என்றார். ஸ்பானிய மொழியிலும் பிரசாரம் செய்தார். 2004 குடியரசுத் தலைவர் தேர்தலில் லத்தீனோக்களிடம் அவர் பெற்ற பங்கை, அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அவர் கட்சியின் எந்த வேட்பாளராலும் எட்ட முடியவில்லை. ஆனால் அவர் கட்சியே அவரோடு நிற்கவில்லை. ஆவணமின்றி இருப்பதையே குற்றமாக்கும் மசோதாவைக் கீழவை 2005 டிசம்பரில் நிறைவேற்றியது. அதை எதிர்த்து 2006 வசந்தத்தில் பல நகரங்களில் லட்சக்கணக்கானோர் திரண்டனர். புஷ் ஆதரித்த சீர்திருத்த மசோதா 2007-இல் செனட்டில் வீழ்ந்தது.

2012-இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னி, ஆவணமற்றோர் தாமாகவே நாட்டைவிட்டுப் போகும் நிலையை உருவாக்க வேண்டும் என்று பேசினார். 27 விழுக்காட்டோடு தோற்றார். விரிவான குடியேற்றச் சீர்திருத்தத்தை ஆதரிக்கும்படி கட்சியின் தேசியக் குழு அமைத்த ஆய்வு 2013 மார்ச்சில் பரிந்துரைத்தது. அவ்வாண்டு ஜூனில் செனட் 68–32 என்ற வாக்குகளில் சீர்திருத்த மசோதாவை நிறைவேற்றியும், குடியரசுக் கட்சி வசமிருந்த கீழவை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை.

2016–2024

டொனால்ட் டிரம்ப் அந்தப் பரிந்துரைக்கு நேர்மாறான வழியில் சென்றார். எல்லைச் சுவர், 2018-இல் எல்லையில் பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்தது ஆகியவற்றுக்குப் பிறகும், 2016-இல் சுமார் 28 விழுக்காடாக இருந்த அவரது பங்கு 2020-இல் 32, 2024-இல் 46 என உயர்ந்தது. மக்களில் ஏறத்தாழ அனைவரும் மெக்சிகோ வழியினரான டெக்சஸின் ஸ்டார் மாவட்டத்தில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலாரி கிளிண்டன் 2016-இல் சுமார் 60 புள்ளிகள் முன்னிலை பெற்றிருந்தார். 2024-இல் அங்கே டிரம்ப் வென்றார். அதற்கு முன் அம்மாவட்டத்தில் குடியரசுத் தலைவர் தேர்தலில் குடியரசுக் கட்சி நூறாண்டுகளுக்கும் மேலாக வென்றதில்லை. விலைவாசி உயர்வு இதற்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. எல்லைக் காவல் படையில் வேலை பார்க்கும் குடும்பங்கள் அப்பகுதியில் மிகுதி. 2023 டிசம்பரில் மட்டும் தெற்கு எல்லையைக் கடந்து சுமார் 2.5 லட்சம் பேர் பிடிபட்டதும் எல்லையோர ஊர்களின் அன்றாடப் பிரச்சினையாகவே பேசப்பட்டது.

ஆய்வாளர் கருத்துகள்

ஷான் பௌலர், ஸ்டீபன் நிக்கல்சன், கேரி செகுரா ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, 187-உம் அதைத் தொடர்ந்த முன்மொழிவுகளும் கலிபோர்னிய லத்தீனோக்களைக் குடியரசுக் கட்சியிடமிருந்து விலக்கின என்றது. அங்கே லத்தீனோக்கள் முன்பிருந்தே ஜனநாயகக் கட்சியினர்தாம், திடீர்த் திருப்பம் எதுவும் தெரியவில்லை என்று 2018-இல் ஐரிஸ் ஹுய், டேவிட் சியர்ஸ் மறுத்தனர். அம்மாநிலம் 1992-லேயே, அதாவது 187-க்கு முன்பே, குடியரசுத் தலைவர் தேர்தலில் கை மாறிவிட்டது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

இரு தரப்பையும் சேர்த்துப் பார்க்கும்போது, 187 பழைய வாக்காளர்களின் மனத்தை மாற்றியதைவிடப் புதிய வாக்காளர்களை உருவாக்கியதே மிகுதி எனத் தோன்றுகிறது. ஒரு சட்டம் தம் வீட்டு வாசலை நோக்கி வருகிறது என்று கருதியபோது லத்தீனோக் குடிமக்கள் அதைக் கொண்டுவந்த கட்சியை விட்டு விலகினர். புதிதாக எல்லை தாண்டுவோரை மட்டுமே நோக்கியது என்று கருதியபோது பலர் அதைப் பொறுத்துக்கொண்டனர், சிலர் வரவேற்கவும் செய்தனர். சாவேஸின் சங்கம் ஆவணமற்றோர் மீது புகார் செய்த காலத்திலிருந்தே அந்தப் பிளவு அங்கே இருந்துவருகிறது.