முத்துக்குளிப்போரும் பிராணவாயு நஞ்சும்

மலாக்கா மாநிலத்தில் அலோர் காஜா வட்டாரத்தைச் சேர்ந்த கடற்கரைகளுள் ஒன்று தஞ்சோங் பிடாரா. அதனை அடுத்த கடலில், 1817ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சீனத்துக் கான்டன் துறையிலிருந்து சென்னை நோக்கி வந்த ‘டயானா’ என்னும் வணிகக் கப்பல் மூழ்கியது. 176 ஆண்டுகள் சென்றபின், 1993இல், அக்கப்பல் கிடந்த இடம் கண்டறியப்பட்டது. வெளிக்கொணரப்பெற்ற பீங்கான் கலங்கள் 1995இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஏலம் விடப்பட்டன. அக்கலங்களின் விலையைப் பேசுவோர் பலர். ஆனால், கடலடிக்குச் செல்லும் மனிதன் எதனைச் சுவாசிக்கிறான், எதற்கு அஞ்சுகிறான் என்று வினவுவோர் சிலரே.

தமிழர்க்கு இவ்வினா புதிதன்று. கொற்கை முத்தின் பெருமையைச் சங்கச் செய்யுட்கள் பேசுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க நூல், அங்கு முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று குறிக்கிறது. பிற்காலத்தில் பரதவரும் முஸ்லிம்களும் இத்தொழிலில் சிறந்து விளங்கினர். கயிற்றில் கட்டிய கல்லின் துணையால் விரைந்து கீழிறங்குவர். சிப்பிகளைக் கூடையில் வாரியிட்டு, ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் மேலேறுவர். கயிறு பிடித்துப் படகில் நிற்பவர் கையில் அவர் உயிர் இருந்தது. சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டிகளும் உடனிருந்தனர். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது.

கடலடியில் மூச்சைப் பற்றிய இடர் இருவகைப்படும். ஒன்று, பிராணவாயு குறைவதால் வருவது. மற்றொன்று, அது மிகுவதால் வருவது. முத்துக்குளிப்போர் அஞ்சியது முதலாவதற்கே. மூச்சை அடக்கி மூழ்குபவன் உரிய காலத்தில் மேலே வாராவிடின் அறிவிழந்து இறப்பான். இரண்டாம் இடரோ பொறிகள் வந்தபின் தோன்றியது. உயிரைக் காப்பதாலேயே உயிர்வளி எனப் பெயர் பெற்ற அவ்வாயு, அழுத்தம் மிகுந்தால் மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும். இதனைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட், பறவைகளைக் கொண்டு ஆராய்ந்து 1878இல் நூலாக வெளியிட்டார்.

அழுத்தம் மிகுவது எவ்வாறு? பத்து மீட்டர் ஆழம் செல்லுந்தோறும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கே பிராணவாயு; ஆதலின் காற்றைச் சுவாசிப்பவருக்கு நடுத்தர ஆழங்களில் இவ்விடர் குறைவு. தனிப் பிராணவாயுவைச் சுவாசிப்பவருக்கோ பத்து மீட்டரிலேயே அதன் அழுத்தம் இரு மடங்காகும். போர்க்கால மூழ்குநர் குமிழிகள் மேலெழுந்து தம்மைக் காட்டிக்கொடாமைப் பொருட்டுத் தனிப் பிராணவாயுவைப் பயன்படுத்தினர். கரையில் வலிப்பு வந்தால் தணிந்துவிடும். நீருக்கடியில் வந்தாலோ வாய்க்குழாய் நழுவும், நீர் புகும், உயிர் போகும்.

இத்துறையில் உழைத்தவருள் ஒருவர் இந்தியரும் தம்மவர் எனத்தக்க ஜே. பி. எஸ். ஹால்டேன். 1939 ஜூன் திங்களில் ‘தெட்டிஸ்’ என்னும் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் மாண்டனர். அதன்பின் அவர் தம் உடலையே ஆய்வுக்களமாக்கி அழுத்த அறைக்குள் அமர்ந்தார். பிராணவாயுவால் வலிப்புற்று முதுகெலும்பில் ஊறுபட்டார். 1957இல் இந்தியாவிற்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். 1942 முதல் கென்னத் டொனால்டு என்பார் பிரிட்டிஷ் கடற்படையில் விரிந்த சோதனைகள் நடத்தி, 1947இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே மனிதன் ஒரு நாள் நெடுநேரம் தாங்குவான்; மற்றொரு நாள் விரைவில் வலிப்புறுவான் என்பது அவர் கண்ட உண்மை. எனவே பாதுகாப்பெல்லை குறுகியதாகவே வகுக்கப்பட்டது. இன்றும் தனிப் பிராணவாயுவோடு செல்வதற்குரிய வழக்கமான எல்லை ஏறத்தாழ ஆறு மீட்டர் ஆழமே.

உணவு இங்கு எவ்வாறு வந்து புகுகிறது? வலிப்பு நோயாளிக்குப் பட்டினி நன்மை தருவதை மருத்துவர் கண்டிருந்தனர். 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர், பட்டினியின் பயனைப் பட்டினியின்றிப் பெற ஒரு வழி கூறினார். சோறு, கிழங்கு, சர்க்கரை போன்றவற்றை மிகக் குறைத்து, கொழுப்பை மிகுத்து உண்பதே அவ்வழி. அப்போது கல்லீரல் கொழுப்பிலிருந்து ‘கீட்டோன்’ என்னும் பொருள்களை ஆக்குகிறது. நெடும் பட்டினியில் மூளையும் இவற்றை எரிபொருளாகக் கொள்கிறது என்பதை 1967இல் ஜார்ஜ் கேகிலும் அவர்தம் குழுவினரும் மெய்ப்பித்தனர்.

நோயால் வரும் வலிப்பைத் தணிக்கும் உணவு, பிராணவாயுவால் வரும் வலிப்பையும் தடுக்குமா என்பது அடுத்த வினா. பட்டினியிட்ட எலிகள் அழுத்தப் பிராணவாயுவைக் கூடுதல் நேரம் தாங்கின என்று 1997இல் இஸ்ரேலிய ஆய்வாளர் அறிவித்தனர். 2013இல் தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் டொமினிக் டகோஸ்டினோ குழுவினர், கீட்டோன் தரும் ஒருவகைச் சேர்மத்தை எலிகளுக்கு ஊட்டி, ஐந்து வளிமண்டல அழுத்தத்தில் பிராணவாயுவைச் செலுத்தினர். வலிப்பு தோன்றும் நேரம் ஐந்து மடங்குக்கு மேல் நீண்டது. ஆயினும் ஒரு வகைக் கீட்டோனை மட்டும் உயர்த்திய வேறொரு பொருள் அப்பயனைத் தரவில்லை. எந்தக் கீட்டோன் உயர்கிறது என்பதும் கருதத்தக்கது என்று இதனால் தெளிவாகிறது.

இச்செய்தியைக் கேட்பவர், “வெறும் வயிற்றோடு மூழ்கிய நம் முன்னோர் இதனை அன்றே அறிந்தனர்” என்று எழுதிவிடக் கூடும். அது வரலாறு ஆகாது. ஒரு நிமிடம் மூச்சடக்கிய கொற்கையானை அணுகிய இடர் பிராணவாயுக் குறைவேயன்றி மிகையன்று. அவனது பெருமை கயிற்றிலும் கல்லிலும் துணிவிலும் இருந்தது. இல்லாத பெருமையை ஏற்றினால் உள்ள பெருமையும் ஐயத்துக்கு இடமாகும். இன்னொரு பிழை இதனினும் கொடிது. எலியின் முடிவை நம்பி, கொழுப்புணவு உண்டோம் என்று எல்லை கடந்து மூழ்குபவன் உயிரைப் பணயம் வைக்கிறான். நீரிழிவுக்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேளாது இவ்வுணவை மேற்கொள்ளுதலும் தீங்கு தரும்.

பால் மரத் தோட்டத்துப் பிள்ளைக்கு இதனை விளக்குதல் எளிது. ரப்பர்ப் பாலை உறையச் செய்ய அமிலம் வேண்டும். மிகுந்தால் அவ்வமிலமே பாலைக் கெடுக்கும். பிராணவாயுவும் அத்தகையதே. உணவில் அளவைக் கற்பிக்கத் திருக்குறள் ‘மருந்து’ என ஓர் அதிகாரமே வகுத்தது. அதனைக் கற்பிக்கும் ஆசிரியர், மூச்சுக்கும் அளவு உண்டு என்பதை இவ்வரலாற்றோடு சேர்த்துச் சொல்லலாம். சொல்லும்போது, மெய்ப்பிக்கப்பட்டது எது, இன்னும் மெய்ப்பிக்க வேண்டியது எது என்பதையும் பிரித்துக் காட்டுதல் வேண்டும்.