தெற்கிலிருந்து வடக்காக: சிஷோமின் சென்னையை நடந்து படித்தல்

மெரினாவில் ஞாயிறு காலைகளில் நான் போன மரபு நடைகள் எல்லாமே வடக்குக் கோடியில்தான் தொடங்கின. உழைப்பாளர் சிலைக்கு எதிரே கூடுவது எளிது. பல்கலைக்கழகச் செனட் இல்லத்தின் கிழக்கு முகத்தில் அந்நேரம் வெயில் நேராக விழும், செங்கல்லின் சிவப்பு நன்றாக எடுக்கும். அங்கே நின்றபடி வழிகாட்டி ‘இந்தோ-சாரசெனிக்’ என்ற கட்டடப் பாணியின் பெயரைச் சொல்வார். பிறகு தெற்கே நடந்து சேப்பாக்கம் அரண்மனை, அதற்கப்பால் மாநிலக் கல்லூரி. வசதியான வரிசை இதுதான். ஆனால் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் இந்தக் கடற்கரையில் என்ன கற்றார் என்று தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு இது தலைகீழ் வரிசை. விடையை முதலில் காட்டிவிட்டுக் கேள்வியைக் கடைசியில் போடுவது போல.

ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கும் அந்த மூன்று கட்டடங்களையும் தெற்கிலிருந்து வடக்காக, சிஷோம் வேலை செய்த வரிசையில் நடந்து படித்தால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. இந்தோ-சாரசெனிக் என்பது கப்பலில் வந்திறங்கிய பாணி அல்ல. ஒரு ஆங்கிலேயர், பெரும்பாலும் தன் வேலைத்தளத்துக்குப் பக்கத்து மதிலைப் பார்த்தே, பத்தாண்டுகளுக்குமேல் படிப்படியாகக் கற்ற பாடம் அது. அந்தப் பெயரே அதற்குச் சரியாகப் பொருந்தவில்லை என்பதும் நடக்க நடக்கத்தான் புலப்படும்.

1864இல் சென்னை அரசாங்கம் மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்துக்கும் வரைபடம் கேட்டுப் போட்டி அறிவித்தது. பரிசு 3,000 ரூபாய். கல்கத்தாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சிஷோம் வென்றார், 1865இல் சென்னை வந்தார். அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். முதலில் எழுந்தது மாநிலக் கல்லூரி. 1867இல் தொடங்கிய வேலை 1870இல் முடிந்து, விக்டோரியா அரசியின் மகன் எடின்பரோ கோமகன் அதைத் திறந்துவைத்தார். அரைவட்ட வளைவுகள், அளவாக அடுக்கிய மாடங்கள், சீரான முகப்பு என்று இத்தாலியச் சாயலில் நிற்கும் கட்டடம். இந்த ஊருக்கென்று அதில் ஒன்றுமில்லை. மத்தியதரைக் கடலோரத்தில் எங்கே வைத்தாலும் உறுத்தாது.

இங்கே கண் ஏமாறும். கைபேசியை உயர்த்துகிற எல்லோரும் எடுப்பது உச்சியில் உள்ள நான்முகக் கடிகாரக் குவிமாடத்தைத்தான். அது சிஷோம் கட்டியதல்ல. கல்லூரியின் நூற்றாண்டான 1940இல் சேர்த்தது, முதல்வராக இருந்த தாவரவியலாளர் ஃபைசனின் பெயரால் வழங்குவது. அதை விரலால் மறைத்துக்கொண்டு பார்த்தால்தான் 1870இன் கட்டடம் தெரியும். நடையில் வருபவர்களை நான் அப்படிப் பார்க்கச் சொல்வதுண்டு. சிலர் சிரிப்பார்கள், சிலர் நிஜமாகவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டுவார்கள். இன்னொன்றையும் சேர்த்து மறைக்க வேண்டும்: சாலைக்கு அப்பால் விரியும் மணற்பரப்பை. 1870களில் துறைமுக வேலை தொடங்கிய பிறகுதான் அதன் தெற்கே மணல் சேர்ந்து கரை அகன்றது. கடற்கரை நடைபாதை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டது ஆளுநர் கிராண்ட் டஃப், 1880களில். சிஷோம் இந்தக் கல்லூரியைக் கட்டியபோது கடல் இன்னும் பக்கத்தில் இருந்தது, நடைபாதை இல்லை.

வடக்கே சற்று நடந்தால் சேப்பாக்கம் அரண்மனை. உண்மையில் எழிலகமும் பொதுப்பணித்துறைக் கட்டடங்களும்தான் முதலில் தெரியும், அரண்மனையை அவற்றின் பின்னால் தேட வேண்டும். ஆற்காடு நவாப் வாலாஜா முகம்மது அலி 1768 வாக்கில் கட்டியது. கலசா மகால், ஹுமாயூன் மகால் என இரு பகுதிகள். 1855இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும், வாரிசில்லாத அரசுகளைக் கைப்பற்றும் டல்ஹவுசியின் கொள்கைப்படி நவாப் பட்டத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒழித்தது. ஏலத்துக்கு வந்த அரண்மனையை அரசாங்கமே வாங்கி அலுவலகமாக்கியது. அந்த இரண்டு மகால்களுக்கும் நடுவே ஒரு சதுரக் கோபுரத்தை எழுப்பி, வருவாய் வாரியத்துக்கான விரிவாக்கங்களையும் செய்யும் வேலை சிஷோமிடம் வந்தது.

என் கணிப்பில் அவருடைய வாழ்க்கையின் திருப்பம் இந்தக் கோபுரம்தான். இங்கே அவர் விருப்பத்தைவிட அக்கம்பக்கம்தான் பாணியை முடிவுசெய்தது. இரண்டு பக்கமும் இதழ் வளைவுகளும் சிறு குவிமாடங்களும் இருக்க, நடுவில் ஒரு இத்தாலியக் கோபுரம் நின்றால் அசிங்கமாக இருக்கும். எனவே அண்டை வீட்டு மொழியில் பேச வேண்டியிருந்தது. முதல் முயற்சி என்பதால் கொஞ்சம் தயங்கித்தான் பேசுகிறது என்று எனக்குத் தோன்றும். பழைய மகால்களில் இருக்கிற தளர்வு கோபுரத்தில் இல்லை, பரீட்சைக்கு வந்த பையனைப் போல விறைப்பாக நிற்கிறது. 2012 ஜனவரியில் கலசா மகால் தீப்பிடித்து எரிந்தது. தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் நடந்த மீட்டெடுப்பில் சுண்ணாம்புக் காரையை மறுபடி அரைக்கத் தெரிந்த கைகளைத் தேட வேண்டியிருந்தது. சிமெண்டுக்குப் பழகிய ஊரில் அது சின்ன வேலை இல்லை.

சிஷோமின் மாற்றத்துக்கு ஒரு புரவலரும் இருந்தார். 1866 முதல் 1872 வரை சென்னையின் ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு. இந்தியாவில் அரசாங்கம் கட்டுகிறவை இந்நாட்டு முஸ்லிம் கட்டடக்கலையைப் பின்பற்றலாம் என்று 1870இல் வெளிப்படையாகவே வாதிட்டவர் அவர். மதுரையில் இடிந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைச் சீர்செய்ய நிதி ஒதுக்கியதும் அவரே. பணி சிஷோமின் பொறுப்புக்கு வந்தது. மகாலை ஆராய்ந்து அவர் லண்டன் கட்டடக் கலைஞர் கழகத்துக்குக் கட்டுரையும் எழுதினார்.

இந்த மதுரைப் படலத்தை மெரினா நடைகளில் யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். 17ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்த மகாலில் பருத்த தூண்கள், அவற்றின்மேல் இலைவடிவ வளைவுகள், சொர்க்கவிலாசத்தில் மரச் சட்டமில்லாமல் நிற்கும் குவிமாடம், எல்லாவற்றின்மேலும் யாளியும் சுதையும். இந்து, இஸ்லாமிய மரபுகளைக் கலப்பது விக்டோரியா காலத்து ஆங்கிலேயரின் கண்டுபிடிப்பு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. சிஷோம் அதை மதுரையில் கண்ணால் பார்த்தபோது அந்தக் கலவைக்கு இருநூறு வயது தாண்டியிருந்தது.

ஆகவே 1874இல் செனட் இல்லத்தின் வேலை தொடங்கியபோது, பத்தாண்டுக்கு முன் போட்டியில் வென்ற வரைபடம் அவருக்கே போதவில்லை. மாற்றி வரைந்தார். 1879இல் முடிந்த கட்டடத்தில் பைசாந்தியத்தின் வட்ட வளைவு இருக்கிறது, சேப்பாக்கத்தின் குவிமாடம் இருக்கிறது. தூண்களின் தலையில் செதுக்கிய கற்போதிகைகளோ கோயில் சிற்பியின் கை. நான்கு மூலைகளிலும் கோபுரங்கள், உள்ளே ஒரே நீண்ட பெருமண்டபம், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். தாழ்வாரத்தில் ஒரு தூணருகே நின்று மேலே பார்த்தால், வளைவு எழும்பும் இடத்துக்கும் போதிகை முடியும் இடத்துக்கும் நடுவே ஒரு சிறிய இடறல் தெரியும். கல்லைத் தாங்கப் பிறந்த போதிகை, இங்கே செங்கல் வளைவைத் தாங்குகிறது. கோயில் மண்டபத்தில் பாரம் நேர் கீழே இறங்கும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும். அந்த இரண்டு தர்க்கங்களும் ஒரு சாணில் சந்திக்கும் இடம் இது. நூலில் படமாகப் பார்க்கையில் இது கண்ணில் படாது. பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டையொட்டிச் சீர்செய்தபின் மண்டபம் பொலிவு பெற்றது. ஆனால் உள்ளே விடுவது அனுமதியைப் பொறுத்தது, நடையில் பாதிப் பேர் வாசலோடு திரும்புவதும் உண்டு.

இப்படியெல்லாம் கட்ட ஆட்கள் வேண்டுமே. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைத்தொழில் பள்ளிக்கு, இன்றைய எழும்பூர் கவின்கலைக் கல்லூரிக்கு, 1877இலிருந்து சிஷோம் தலைமை ஏற்றார். அரசாங்கத்தின் கட்டடக் கலை ஆலோசகரும் கைவினைப் பள்ளியின் தலைவரும் ஒரே ஆளாக இருந்ததால் சுடுமண் வேலையும் கண்ணாடி வேலையும் பாடத்திலிருந்து கட்டடத்துக்குப் போவது சுலபமாயிற்று. நடை தொடங்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் பின்னாளில் அதே பள்ளிக்குத் தலைவராக இருந்தவர்தான்.

நகரின் பிற பகுதிகளுக்கு இரண்டாவது நடை வேண்டும். அங்கே பாடம் மாறுகிறது, அது வந்தது கேரளத்திலிருந்து. திருவனந்தபுரத்தில் சிஷோம் வரைந்த நேப்பியர் அருங்காட்சியகம் 1880இல் முடிந்தது. கேரளத்துச் சரிவுக் கூரைகளை அவர் கைக்கொண்டது அந்த வேலையில். தமிழ்நாட்டுக் கடற்கரை வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் தட்டையானது. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கலைக் குத்துவாட்டில் மூலைவிட்டமாக அடுக்கி, சுண்ணாம்பிட்டு, மேலே ஓடு பதித்து மெழுகுவது. மழை அடித்தால் அதில் நீர் தங்கும். கேரளக் கூரையோ நீரை நிற்கவே விடாது, இறவாரம் சுவரைத் தாண்டி நீண்டு நிழலையும் தரும். சிஷோம் அந்தக் கூரையைத் தொப்பி போல எடுத்து வந்து சென்னைக் கோபுரங்களின் தலையில் வைத்தார். அண்ணா சாலையில் 1879இல் எழுந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை, ராஜாஜி சாலையில் 1884இல் செயல்படத் தொடங்கிய தலைமை அஞ்சலகம், சென்ட்ரல் பக்கத்து விக்டோரியா பொது அரங்கம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே குடும்பத்து முகச்சாயல் தெரியும்.

அஞ்சலகத்தின் முன் நிற்பது கொஞ்சம் கஷ்டம். 352 அடி நீளக் கட்டடத்தை முழுதாகப் பார்க்கச் சாலையைக் கடக்க வேண்டும், கடந்தால் லாரிகள் மறைக்கும். 2000இல் நடந்த தீவிபத்தில் உட்பகுதி பெரிதும் பாழாகிப் பிறகு மீண்டது. விக்டோரியா அரங்கத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. கணித மேதை ராமானுஜன் தம் கடைசி நாட்களைக் கழித்த சேத்துப்பட்டு வீடும் இந்தச் செட்டியுடையதே. நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்களை நடத்தியதும் இந்த அரங்கில்தான். சிஷோமின் பெயர் நூல்களில் இருக்கும். செங்கலைத் தேய்த்துப் பொருத்தியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

இனி பெயர்ப் பிரச்சினைக்கு வரலாம். சாரசென் என்பது ஐரோப்பியர் முஸ்லிம்களுக்கு இட்ட பழம்பெயர். சிஷோமின் கட்டடத்தில் இஸ்லாமியக் கூறு பாதிகூட இல்லை. கேரளத் தச்சு, நாயக்கர் சுதை, கோயில் போதிகை, பைசாந்திய வளைவு இத்தனையும் ‘சாரசெனிக்’ என்ற ஒரே பெட்டிக்குள் போய்விட்டன. பின்வந்த கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வினின் கையில், 1892இல் திறந்த உயர் நீதிமன்றத்தில், இந்த மொழி சரளமாகி அலங்காரமாகவும் ஆகிவிட்டது. இர்வினின் குவிமாடங்கள் அழகு. ஆனால் சிஷோமிடம் இருக்கிற அந்த இடறல் அவற்றில் இல்லை. இது ஆட்சியாளர் போட்டுக்கொண்ட வேஷம்தான் என்று சொல்பவர்களோடு நான் பாதி உடன்படுகிறேன். நவாபின் பட்டத்தை ஒழித்து, அரண்மனையை வாங்கி, அதன் சாயலிலேயே அரசுக் கட்டடம் எழுப்பியதில் அரசியல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வேஷம் போடுபவர் எவரும் போதிகையின் பாரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படமாட்டார்.

சிஷோம் பின்னர் பரோடா போனார். வடிவமைத்த சார்லஸ் மாண்ட் 1881இல் இறந்ததால் நின்றிருந்த லட்சுமி விலாஸ் அரண்மனையை முடித்துக்கொடுத்தார். பீஜப்பூர் கோல் கும்பாஸை மனத்தில் கொண்டு பரோடா கல்லூரிக்குப் பெருங்குவிமாடம் அமைத்தார். இங்கிலாந்து திரும்பியபின் லண்டன் செல்சியில் ஸ்லோன் டெரஸில் ஒரு தேவாலயம் கட்டினார். 1907இல் முடிந்த அது இப்போது கடோகன் ஹால் என்ற இசையரங்கம். வெளிறிய கல், ஒடுங்கிய கோபுரம், பைசாந்தியப் பாணி என்று வகைப்படுத்துவார்கள். செனட் இல்லத்துத் தாழ்வாரத்தில் நின்றுவிட்டு அங்கே போகிறவருக்கு அந்த வட்ட வளைவுகள் புதிதாக இருக்காது.