அரிவாள் செல் நோய்: அட்டை சொல்லாத தமனி

அரிவாள் செல் நோய் என்றதும் எலும்பு வலியும் இரத்தசோகையுமே பேசப்படுகின்றன. மூளைக்குச் செல்லும் தமனிகளை அது குழந்தைப் பருவத்திலேயே சுருக்கிவிடக்கூடும் என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெற்ற குழந்தையின் சிவப்பணுக்கள் விறைத்துத் தமனியின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. சுவர் தடித்துப் பாதை குறுகுகிறது. பள்ளி வயதிலேயே பக்கவாதம் வருவது இதனால்தான்.

இதை முன்கூட்டியே அறியலாம். குறுகிய பாதையில் இரத்தம் விரைந்தோடும். தலையின் பக்கவாட்டில் வைத்துப் பார்க்கும் டாப்ளர் கருவி அவ்வேகத்தை அளக்கும். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. வேகம் நொடிக்கு 200 செ.மீ.யை எட்டினால் ஆபத்து மிகுதி. அத்தகைய குழந்தைகளுக்குத் தொடர்ந்து இரத்தம் ஏற்றினால் முதல் பக்கவாதம் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறையும் என்பதை 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு நிறுவியது. இடையில் நிறுத்தினால் ஆபத்து திரும்பும். தொடர்ந்தாலோ உடலில் இரும்பு சேரும், அதை நீக்கத் தனி மருந்து வேண்டும். தமனி கடுமையாகச் சுருங்காத குழந்தைகள், ஓராண்டேனும் இரத்தம் ஏற்றிய பின் ஹைட்ராக்சியூரியா மருந்துக்குப் படிப்படியாக மாறலாம் என்பது 2016இல் வெளியான ஆய்வில் தெளிவானது.

நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் கண்டறியப்பட்டது 1952இல். நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியதோ 2023 ஜூலையில். ‘பழங்குடி நோய்’ என்ற பெயரும் முழு உண்மையன்று. விதர்பாவின் மஹார் மக்களிடமும் இது பரவலாக உள்ளது. இத்திட்டத்தில் இரத்தத்தைச் சோதித்து அட்டை வழங்குகிறார்கள். அட்டை மரபணுவைச் சொல்லும், தமனியின் நிலையைச் சொல்லாது. நோயுள்ள குழந்தைக்கு 2 வயது முதல் 16 வயதுவரை ஆண்டுதோறும் டாப்ளர் பரிசோதனை அரசு மருத்துவமனையிலேயே கிடைக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை.

சட்டத்தின் முரணையும் கவனிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இந்நோயைத் தன் அட்டவணையில் சேர்த்துள்ளது. ஆனால் 34ஆம் பிரிவின் வேலைவாய்ப்பு இடஒதுக்கீட்டில் இதற்கு இடமில்லை. பக்கவாதத்தால் கைகால் செயலிழந்தாலோ, கை, கால் இயக்கக் குறைபாட்டின் பேரில் அதே மனிதர் அதைக் கோர முடியும்!

நிதியில்லை என்ற பதிலுக்கு, பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு உள்ளது: உயிர்காக்கும் சிகிச்சை அளிப்பது 21ஆம் உறுப்பின்கீழ் அரசின் கடமை, நிதிப் பற்றாக்குறை அதற்கு விலக்காகாது. அது அவசர சிகிச்சை குறித்த தீர்ப்புதான். எனினும் தவிர்க்கக்கூடிய பக்கவாதத்தைத் தவிர்ப்பதற்கும் அது விரியும் என்றே நாம் வாதிடுகிறோம். அந்த வாதத்துக்குத் தரவு தேவை. கடந்த ஆண்டு அரிவாள் செல் குழந்தைகளுக்கு எத்தனை டாப்ளர் பரிசோதனைகள் செய்யப்பட்டன என்று மாணவர்கள் தத்தம் மாவட்டத் தலைமை மருத்துவமனையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம்.