ஒரு மக்களும் இரு மொழிகளும்

1908ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசிலும் இன்று உக்ரைனிலும் அமைந்துள்ள செர்னோவிட்ஸ் நகரில் யூத எழுத்தாளர்களும் அறிஞர்களும் கூடினர். யூத மக்களின் தேசிய மொழி எது என்பதே அவர்கள்முன் நின்ற வினா. எபிரேயமே என்றனர் ஒரு சாரார். யித்திஷே என்றனர் மறு சாரார். கடும் வாதத்திற்குப் பின், யித்திஷ் யூதரின் தேசிய மொழிகளுள் ஒன்று எனத் தீர்மானம் நிறைவேறியது. 'ஒன்று' என்னும் அச்சொல் இணக்கத்தை நாடியது, இணக்கமோ விளையவில்லை.

எபிரேயம் மறைநூலின் மொழி. வழிபாட்டிலும் ஏட்டிலும் அது வாழ்ந்ததேயன்றி, வீட்டுப் பேச்சினின்று பல நூற்றாண்டுகளாக நீங்கியிருந்தது. யித்திஷ், செருமானிய அடித்தளத்தில் எபிரேயமும் சிலாவியமும் கலந்து, எபிரேய எழுத்தில் எழுதப்பட்டது. கிழக்கு ஐரோப்பிய யூதரின் தாலாட்டும் சந்தைப் பேச்சும் அதுவே. கற்றோர் பலர் அதனைக் கொச்சை என இகழ்ந்தனர்.

1881இல் பாலஸ்தீனம் சென்ற எலியேசர் பென் யெகூதா, தம் மகனை எபிரேயம் மட்டுமே கேட்டு வளரச் செய்தார். புனித மொழியைத் தெருவிற்கு இழுப்பதா என வைதிகர் சினந்தனர். ஆயினும் 1922இல் அது அங்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. பிற்காலத்தில் ஏமனிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் வந்த யூதர்க்கு யித்திஷ் அயல்மொழி. அனைவர்க்கும் பொதுவாக நிற்கத்தக்கது எபிரேயமே என்பதையும் மறுத்தல் இயலாது. எனினும் அவ்வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. 1923இல் டெல் அவீவில் மாணவர் அமைத்த மொழிக் காப்புப் படை, யித்திஷ் பேசுவோரைத் தெருவிலேயே இடித்துரைத்தது. தாயின் மொழியில் வாய்திறக்க மகன் நாணும் காலம் வந்தது.

பேரழிவு அதன்பின் நேர்ந்தது. நாஜிகள் கொன்ற ஏறத்தாழ 60 இலட்சம் யூதருள் பெரும்பாலோர் யித்திஷ் பேசியோர். 1952 ஆகஸ்டு 12 அன்று மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்ட 13 பேருள் பெரெட்ஸ் மார்க்கிஷ், லெயிப் க்விட்கோ முதலிய யித்திஷ் கவிஞர்களும் இருந்தனர்.

வில்னா நகரின் யூத அடைப்பிற்குள், கொள்ளையிட்ட நூல்களைத் தரம்பிரிக்க நாஜிகளால் ஏவப்பட்ட கவிஞர் ஆபிரகாம் சுட்ஸ்கேவர், தோழர்களுடன் நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் மறைத்துக் காத்தார். 1947இல் பாலஸ்தீனம் சேர்ந்த அவர், 1949இல் டெல் அவீவிலேயே 'பொற்சங்கிலி' எனப் பொருள்படும் பெயரில் யித்திஷ் இலக்கிய இதழொன்றைத் தொடங்கினார். அதற்குப் பொருளுதவி செய்தது, எபிரேயத்தைத் தன் மொழியாகக் கொண்ட தொழிலாளர் கூட்டமைப்பான ஹிஸ்தத்ருத் என்பது கருதத்தக்கது.

இன்று நிலை தலைகீழாயிற்று. புனித மொழி சந்தையிலும் படைவீட்டிலும் திரைப்படத்திலும் ஒலிக்கிறது. சமயச் சார்பற்ற எழுத்தாளர் பலர் போற்றி வளர்த்த யித்திஷோ, வீட்டு மொழியாகப் பெரிதும் புரூக்ளினிலும் எருசலேமிலும் வாழும் கடும் வைதிகரிடமே எஞ்சியுள்ளது. அவர்களுள் பலர் அவ்வெழுத்தாளரின் நூல்களைத் தொடுவதில்லை. எபிரேய எழுத்தாளர் அக்னோன் 1966இலும், யித்திஷ் எழுத்தாளர் ஐசக் பாஷெவிஸ் சிங்கர் 1978இலும் நோபல் பரிசு பெற்றனர். ஒரே மக்களின் இரு குரல்களையும் உலகம் கேட்டது. இல்லத்தினர்தாம் ஒன்றைக் கேளாதிருந்தனர்.

சுட்ஸ்கேவரின் இதழ் 1995வரை வெளிவந்தது. வென்ற மொழியினர் பொருள் தர, ஒதுக்கப்பட்ட மொழியின் கவிஞர் தொடுத்த இதழ் அது. செர்னோவிட்ஸில் ஏட்டளவில் நின்ற 'ஒன்று' என்னும் சொல், அவ்விதழின் பக்கங்களிலேனும் 46 ஆண்டுகள் மெய்யாக வாழ்ந்தது எனலாம்.