வெம்மைக் காப்பும் வாடைத் தடுப்பும்: ஆலங்காயம் பகுதிப் பழைய வீடுகளை முன்வைத்து

முன்னுரை

திருப்பத்தூர் மாவட்டத்து ஆலங்காயம், சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் எனத் தொடரும் சமவெளியில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பது வழக்கம்; மார்கழி, தை இரவுகளில் மலையடிவாரத்தில் குளிர் மிகும். இவ்விரு பருவங்களுக்கும் ஒரே வீடு ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. பழைய கட்டுமானம் வெம்மையைக் கூரையிலும் குளிர்காற்றைக் கதவிலும் தடுத்தது. இப்பகுப்பை உணராத சீரமைப்பு வீட்டின் இயல்பைக் கெடுக்கும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வாடையும் கதவும்

வாடையைத் தடுக்கும் வழக்கம் தமிழகத்தில் தொன்மையானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, கூதிர்க்காலத்து மாடங்களில் சாளரக் கதவுகள் தாழிடப்பட்டதையும், தடவு எனும் கணப்புச் சட்டியில் தீ வளர்க்கப்பட்டதையும், விசிறிகள் பயனின்றித் தொங்கியதையும் காட்டுகிறது. காற்றின் வழி நிலையாக அடைக்கப்படவில்லை. பருவத்திற்கேற்பத் திறந்தும் மூடியும் ஆளப்பட்டது. பிற்கால வீடுகளில் மூங்கில் தட்டியும் சாக்குப் படுதாவும் இப்பணியைச் செய்தன. கோடையில் நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி, அதே காற்றைக் குளிர்வித்து உள்ளே விட்டது.

கூரையின் காப்பு

மேலிருந்து இறங்கும் வெம்மைக்கு நிலையான தடுப்பு வேண்டியிருந்தது. ‘மெட்ராஸ் டெர்ரஸ்’ எனப்படும் தளத்தில், தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்கள் சுண்ணாம்புச் சாந்தில் சாய்வரிசையாக நிறுத்தி அடுக்கப்பட்டன. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கினர்; அதற்கும் மேலே தட்டோடு பதித்தனர். ஓட்டு வீடுகளில் பலகை மச்சு இக்கடமையை ஏற்றது. மச்சுக்கும் ஓட்டுக்கும் இடையிலான காற்றடுக்கு வெம்மையைத் தணிக்க, ஓட்டின் இடுக்குகள் வழியே வெப்பக் காற்று வெளியேறியது.

கான்கிரீட் தந்த மாற்றம்

செங்கல்லின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர் கெல்வினுக்கு ஏறத்தாழ 0.81 வாட்; வலுவூட்டிய கான்கிரீட்டிற்கு 1.58 வாட். எனவே கனத்த சுண்ணாம்புத் தளத்தை அகற்றி மெல்லிய கான்கிரீட் தளம் இடுகையில் கூரையின் காப்புக் குறைகிறது. பகலில் சூடேறிய அத்தளம் இரவில் அறைக்குள் வெப்பத்தை உமிழ்கிறது. மேலும், சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சு இடும்போது உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கிப் பூச்சு உதிர்கிறது.

குடியிருப்புக் கட்டடங்களுக்காக 2018இல் வெளியிடப்பட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ எனும் இந்திய நெறிமுறையும் இப்பகுப்பை உறுதிசெய்கிறது. கூரையின் வெப்பக் கடப்பு சதுர மீட்டர் கெல்வினுக்கு 1.2 வாட்டை மிஞ்சலாகாது என அது வரையறுக்கிறது. திறக்கத்தக்க சாளரப் பரப்பு, தரைப்பரப்பில் குளிர் மண்டலத்திற்கு 8.33 விழுக்காடும், வெப்ப ஈரப்பத மண்டலத்திற்கு 16.66 விழுக்காடும் குறைந்தளவாக இருத்தல் வேண்டும் என்கிறது. குளிர்நாடுகளைப் போல இடுக்கனைத்தையும் அடைப்பது வெப்ப நிலத்துக்குப் பொருந்தாது.

முடிவுரை

பழைய வீட்டைச் சீரமைப்போர் முதலில் கூரையைக் காத்தல் வேண்டும்: விரிசலுற்ற தளத்தைச் சுண்ணாம்பாலேயே செப்பனிடலும், மச்சைப் பேணலும், தட்டோட்டில் வெண்சுண்ணம் பூசலும் அதற்கு உதவும். கதவு நிலையின் இடைவெளியைச் செப்பனிட்டுத் தாழைப் பொருத்தினால் வாடைக்குப் போதும்; சாளரத்தையும் முற்றத்தையும் மூடுதல் வேண்டா. பதனிட்ட தோலை நேர்வெயிலில் விறைக்கவிடாமல் நிழற்காற்றில் உலர்த்தப் பழகிய இவ்வட்டாரத்திற்கு, வெயிலைத் தடுத்துக் காற்றை ஆளும் இம்முறை புதிதன்று.